இருநூறு கிராம்: வீட்டுக் காவலுக்கான ரிவால்வர்கள் பற்றி ஒரு மதிப்பீடு

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் அக்கா ஒருவருக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. அவர் வீடு சுங்கச்சாவடியைத் தாண்டிய புதுப் பிளாட்டில் இருக்கிறது. சுற்றிலும் கருவேலங்காடு; கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் வேறு வீடில்லை. பயிற்சியில் சுட்ட சில தோட்டாக்களைத் தவிர அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. "தம்பி, எடை கம்மியா ஒண்ணு இருக்காமே, பொம்பளைங்களுக்குன்னே செஞ்சதாம். அதை வாங்கிரவா?" என்று கேட்டார்.

பழக்கமில்லாத கைக்கு எடை குறைந்த ஆயுதமே ஏற்றது என்ற ஊகம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பத்தாண்டுக்கு மேலாக நம் சந்தையின் ஒரு பகுதி இந்த ஊகத்தின் மேல்தான் நிற்கிறது. அதை உரைத்துப் பார்க்காமல் எந்தத் துப்பாக்கியையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது மதிப்பீடு ஆகாது.

களம் குறுகலானது. 9 எம்.எம்., .38 இரண்டும் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட போர்கள் (குழல் உள்விட்ட அளவுகள்). தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்யும் வழி 1980களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. அதற்கு முன் வந்தவை கைமாறும்போது லட்சங்களில் விலை பேசப்படுகிறது. ஆகவே நடைமுறையில் தேர்வு .32, .22 என்ற இரண்டு போர்களுக்குள் அடங்கிவிடுகிறது. அரசுத் தொழிற்சாலைகளின் நிர்பீக், நிடர், பிரபல், பழைய .32 ரிவால்வர், அஷானி பிஸ்டல், அவற்றோடு உத்தரப் பிரதேசத்துச் சண்டிலாவில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரில் தயாராகும் .32 ரிவால்வர் ஆகியவையே நம் முன் உள்ள முக்கியத் தேர்வுகள். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது கான்பூர், இஷாப்பூர், நம் திருச்சி மூன்றும் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. பெயர்ப்பலகை மாறியதே தவிர வாங்குகிறவரின் தேர்வு பெரிதாக விரிந்துவிடவில்லை.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். பழகிய கை, ஆயுதத்தின் குறையைத் தன் திறமையால் ஈடுகட்டிவிடும். பழகாத கைக்கு அந்த ஈடு கிடையாது. துப்பாக்கியில் உள்ள ஒவ்வொரு குறையும் அப்படியே குறியில் விழும். எனவே புதியவருக்கான ஆயுதத்தைத்தான் மிகக் கடுமையாக மதிப்பிட வேண்டும். நான் கேட்பவை சில. நடு இரவில் நடுங்கும் கை அதே செயலைப் பிசகாமல் மூன்று தடவை செய்ய முடிகிறதா? உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது சந்தேகத்துக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரிகிறதா? தோட்டா செலவில்லாமல் வீட்டில் பழக அது இடம் கொடுக்கிறதா? எளிதில் மறைத்து எடுத்துப்போகலாம், அழகான பெட்டியில் வருகிறது, இத்தனை மீட்டர் பாயும் என்பவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

பிஸ்டலை விரைவில் ஒதுக்கிவிடலாம். அஷானி போன்ற அரைத்தானியங்கிப் பிஸ்டல் தட்டையானது, அலமாரியில் இடம் அடைக்காது, மேகசினை மாற்றுவதும் வேகமாக நடக்கும். இந்த நிறைகள் பழகியவருக்கு மெய்யான நிறைகள். ஆனால் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். புதியவர்களின் கையில் நேரும் விபத்துகளில் மிகப் பழையது இதுதான்: மேகசின் வெளியே இருக்கிறது, ஆகவே துப்பாக்கி காலி என்ற நம்பிக்கை. தோட்டா சிக்கிக்கொண்டால் விடுவிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். சேஃப்டியைத் தள்ள மறந்தால் விசை அசையாது. ஆண்டில் நான்கு தடவை சுடும் ஒருவரிடம் இத்தனை பாடத்தையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ரிவால்வரின் தகுதி இதற்கு நேர் எதிரில் நிற்கிறது. உருளையைத் திறந்தால் ஆறு துளைகளும் கண் முன்னே தெரியும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். நீண்ட, கனமான டபுள் ஆக்‌ஷன் இழுப்பே (சுத்தியலைப் பின்னிழுத்து விடுவிக்கும் ஒரே இழுப்பு) அதன் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கனமான இழுப்புதான் புதியவருக்குப் பெருந்தடையும் ஆகிறது. எடை பற்றிய விவாதம் இங்கேதான் தொடங்குகிறது.

இவ்வகை ரிவால்வர்களில் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு 4 முதல் 6 கிலோ வரை இருப்பது வழக்கம். 5 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 700 கிராம் ஆயுதத்தில் அந்த இழுப்பு அதன் எடையைப் போல் ஏழு மடங்கு. 500 கிராம் ஆயுதத்தில் பத்து மடங்கு. 250 கிராம் ஆயுதத்தில் இருபது மடங்கு. ஆயுதம் எவ்வளவு இலேசாகிறதோ அவ்வளவுக்கு, விரல் இழுக்கும் திசையில் முழுத் துப்பாக்கியும் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வேண்டியது உள்ளங்கையின் பிடி. பழகாத பிடி அதைத் தடுக்காது. புதியவரின் தோட்டா குறிக்குக் கீழே ஒரு பக்கமாக விழுவதற்கு உதைப்பைக் காட்டிலும் இந்த இழுப்பே பெரும்பாலும் காரணம்.

உதைப்பின் கணக்கும் இதே பக்கம்தான் பேசுகிறது. ஒரே தோட்டாவைச் சுடும்போது உதைப்பின் ஆற்றல் ஆயுதத்தின் எடைக்கு எதிர்விகிதமாக ஏறும். 700 கிராமிலிருந்து 500 கிராமுக்கு இறங்கினால் சுமார் 40 விழுக்காடு அதிகம். .32 தோட்டா இயல்பிலேயே மென்மையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ரிவால்வர்கள் சுடும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 1896இல் வந்த தோட்டா. அதன் நிதானத்துக்காகவே 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிகளில் இன்றும் விரும்பிக் கையாளப்படுகிறது. ஆகவே அந்த 40 விழுக்காடு யாரையும் காயப்படுத்தாது. ஆனால் முதல் சுடுதலுக்குப் பின் குறியை மீட்க எடுக்கும் நேரத்தை அது கூட்டும். இரண்டாவது சுடுதலில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கத்தையும் அதுதான் விதைக்கும்.

இந்த அளவுகோலோடு நிர்பீக்கிடம் வருவோம். 2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து வந்தது. 2012 டிசம்பர் டெல்லிப் பாலியல் வன்கொடுமையின் நிழலில், பெண்களுக்கான இந்தியாவின் முதல் துப்பாக்கி என்று அறிவிக்கப்பட்டது. டைட்டானியக் கலவைச் சட்டகம், ஆறு தோட்டா, 500 கிராமை ஒட்டிய எடை. அறிமுக விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டியைப் போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அப்போதே ஆயுதக் கட்டுப்பாட்டுச் செயற்பாட்டாளர் பீனாலட்சுமி நேப்ராம் போன்றவர்கள் இதை எதிர்த்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பது பெண்ணின் ஆபத்தைக் கூட்டும் என்பது அவர்கள் வாதம். அது கொள்கை மீதான எதிர்ப்பு. அதற்குரிய கனத்தோடு வேறிடத்தில் விவாதிக்க வேண்டியது. நான் கேட்பது அதைவிடச் சிறிய கேள்வி: சொன்ன நோக்கத்தைக் கருவியின் வடிவம் நிறைவேற்றுகிறதா?

பாதிதான் நிறைவேற்றுகிறது. கைப்பையில் நாள் முழுதும் சுமப்பவருக்கு 700 கிராம் ஆயுதத்தைவிட 200 கிராம் குறைவது பெரிய விஷயம். கான்பூர் பொறியாளர்கள் சட்டகத்தை வலுவிழக்கச் செய்யாமல் எடையைக் குறைத்தது மெச்சத்தக்க உலோக வேலை. மேலிருந்து முறித்துத் திறக்கும் பழைய வெப்ளி அமைப்பையே வைத்துக்கொண்டதும் புதியவருக்குச் சாதகம். தாழைத் தள்ளி முறித்தால் வெற்றுக் குப்பிகள் ஆறும் ஒன்றாக வெளியே குதிக்கும். துப்பாக்கி காலியா என்று பார்க்க இதைவிடத் தெளிவான வழி இல்லை. ஆனால் வடிவமைப்பு எந்தத் தடையை நீக்கியது என்று பாருங்கள். பெண்ணின் கைக்குத் தடை எடைதான் என்று முடிவு செய்து அதைக் குறைத்தார்கள். மெய்யான தடை மூன்று: விசையின் கனம், விசைக்கும் கைப்பிடியின் முதுகுக்கும் உள்ள தூரம், சின்னஞ்சிறு முன்குறி. இவை மூன்றும் ஏறத்தாழ அப்படியே இருக்க, அவற்றைச் சமாளிக்கத் துணை செய்த எடை மட்டும் போய்விட்டது. வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கப்போகும் துப்பாக்கியை யாரும் சுமக்கப்போவதில்லை. சுமப்பதற்காக எடுத்த முடிவுக்குச் சுடும்போது விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நிடர் இதே தர்க்கத்தின் கடைசிப் படி. இஷாப்பூரில் உருவான .22 ரிவால்வர், எட்டுத் தோட்டா, எடை சுமார் 250 கிராம். விலை நிர்பீக்கைவிட மிகக் குறைவு என்பது சிறு குறிப்பல்ல. நடுத்தரக் குடும்பம் எட்டிப்பிடிக்கும் இடத்துக்குக் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்த முயற்சி அது. .22 தோட்டாவின் விலை குறைவு, உதைப்பு குறைவு. படிப்பதற்கு உகந்த தோட்டா அதுவே. ஆனால் படிப்பதற்கு உகந்த துப்பாக்கி இதுவல்ல. கைப்பிடியில் மூன்று விரல் நிம்மதியாக உட்காருவதில்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு என்பதால் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிதாகும். .22இல் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை குப்பியின் விளிம்பில் இருக்கிறது. அதனால் வெடிக்காத தோட்டா மற்ற வகைகளைவிட அதிகமாகத் தென்படும். அடுத்த துளைக்கு நகரும் ரிவால்வர் என்பதால் இந்தக் குறை பாதி தணிகிறது. தணியாத குறை வேறொன்று. விளிம்பைத் தாக்கும் ஊசி, காலித் துளையில் உருளையின் ஓரத்தையே தாக்கும். ஆகவே போலித் தோட்டா போடாமல் வெறுமையாக இழுத்துப் பழகுவது துப்பாக்கிக்குக் கேடு. புதியவருக்கு மிகத் தேவையான, காசு செலவில்லாத பயிற்சிக்கே இங்கே தடை விழுகிறது.

நிர்பீக், நிடர் என்ற இரண்டு இந்திச் சொற்களுக்கும் பொருள் அச்சமற்ற என்பதே. பெயர்கள் வைத்திருப்பவரின் மனத்தைப் போற்றுகின்றன. மதிப்பீடு செய்பவர் அவற்றை விலக்கிவிட்டு விசையையும் பிடியையும் மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2023இல் வந்த பிரபல் இந்த வரிசையில் உண்மையான திருப்பம். உருளை பக்கவாட்டில் வெளியே ஆடித் திறக்கும் முதல் இந்திய ரிவால்வர் என்று அறிவிக்கப்பட்டது. எடை 700 கிராம், குழல் 76 மில்லிமீட்டர், மொத்த நீளம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். நிர்பீக்கின் நீளமும் குழலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பெட்டகத்தில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் அடைக்கும். வேறுபாடு அந்த 200 கிராம். சட்டகம் முறியாத ஒரே துண்டு என்பதால் ஆண்டுகள் போனாலும் கீல் தளர்ந்து உருளை ஆடும் கவலை இல்லை. விசை இழுப்பை எளிதாக்கியிருப்பதாகவும் தயாரிப்பாளர் சொல்கிறார். அந்தக் கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கவனம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. எடையிலிருந்து விசைக்கு வந்து சேரப் பத்தாண்டு ஆகியிருக்கிறது.

பிரபலிலும் குறை இல்லாமலில்லை. 50 மீட்டர் பாயும் என்பதை விளம்பரத்தின் முதல் வரியாக வைத்தது தவறான பெருமை. நம் வீட்டுக் கூடம் ஐந்து அல்லது ஆறு மீட்டர். 50 மீட்டரில் எதிரில் நிற்பவர் யாரென்றே இரவில் தெரியாது. அங்கே சுட்டால் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிறுவுவதும் கடினம். பக்கவாட்டு உருளையில் குப்பிகளை வெளியேற்றத் தள்ளுதண்டை முழுமையாக அழுத்த வேண்டும். அரைகுறையாக அழுத்தினால் ஒன்றிரண்டு பாதியில் நின்றுவிடும். இந்த ஒரு செயலில் நிர்பீக்கின் பழைய முறை மேல் என்பதை மறைக்க முடியாது.

பழைய முழு எடை .32 ரிவால்வரையும் சண்டிலா வெப்ளியையும் ஒரே வரியில் வைக்கலாம். இரண்டும் வெப்ளி மார்க் 4 மரபின் வாரிசுகள். முறித்துத் திறப்பதன் தெளிவும் எடையின் நிதானமும் சேர்ந்தவை. புதுமை இல்லாததே அவற்றின் வலு. ஆனால் ஒன்றுக்கொன்று விசை வேறுபடும் என்பதால், எந்த வகை என்பதைவிட எந்தத் துப்பாக்கி என்பது இங்கே முக்கியம். விற்பவரிடம் அனுமதி கேட்டுப் போலித் தோட்டா போட்டு இருபது தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். பதினைந்தாவது இழுப்பில் முன்குறி ஆடத் தொடங்கினால் அது உங்கள் கைக்கானதல்ல.

.32 போதுமா என்ற கேள்வி எப்போதும் வரும். கைத்துப்பாக்கித் தோட்டா ஆளை அந்த நொடியே வீழ்த்திவிடும் என்பது சினிமா கற்பித்தது. அதே சினிமா உலகின் உண்மை நிகழ்ச்சி வேறு கதை சொல்கிறது. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்து அறைக்குள் மிக அருகிலிருந்து சுடப்பட்ட எம்.ஜி.ஆரும் பிழைத்தார், எம்.ஆர். ராதாவும் பிழைத்தார். எந்தப் போரும் உறுதி தருவதில்லை. குறியில் விழுகிற சிறிய தோட்டா, குறி தவறுகிற பெரிய தோட்டாவைவிட மேல் என்பதோடு இந்த விவாதத்தை முடித்துக்கொள்ளலாம்.

எடைக்கு எதிராக இவ்வளவு நேரம் வைத்த வழக்கில் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மின்சாரம் போன இரவில் இடக்கையில் டார்ச் இருக்கும்; அப்போது ஒரே கையால்தான் துப்பாக்கியைப் பிடிக்க முடியும். ஒற்றைக் கையில் 700 கிராம் தாழாதா? தாழும்தான், ஆனால் நிரம்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிட அது குறைவு. ஒற்றைக் கையில் விசையின் இழுப்பு இன்னும் கடுமையாகத் தெரியும் என்பதால், அங்கேயும் கூடுதல் எடை துணையாகவே நிற்கிறது. சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்து விசையை இலேசாக்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். புதியவருக்கு இதை நான் முற்றாக மறுக்கிறேன். அப்படி இழுத்து வைத்த துப்பாக்கி ஒரு திடுக்கிடலில் வெடிக்கும். வந்தவர் இரவுப் பணி முடித்துத் திரும்பிய மகன் என்று தெரிந்த பிறகு, சுத்தியலை மெல்ல இறக்கும் வேலை அதைவிட ஆபத்து. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. இரவில் வீடு உடைத்துப் புகுபவரை எதிர்ப்பதும் அதில் அடங்கும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பும் அதே பிரிவுகளுக்குள் இருக்கிறது. நீண்ட இழுப்பு தரும் அரை நொடி, அந்த வரம்பை நினைத்துப் பார்க்கக் கிடைக்கும் நேரம்.

சட்டத்தின் இன்னொரு பக்கமும் தேர்வைப் பாதிக்கிறது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய கைக்குத்தான் துப்பாக்கி. கணவர் கைக்குப் பொருந்துவதை வாங்கி மனைவிக்குப் பழக்குவது அறிவீனம் மட்டுமல்ல, உரிமத்தில் பெயரில்லாதவர் கையாண்டால் குற்றமும் ஆகும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் பத்திரமாகப் பூட்டிவைக்கும் உறுதிமொழியையும் கேட்கின்றன. 2019 திருத்தம் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் காகிதத்தைப் பயிற்சி என்று எண்ணிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். வாரக்கணக்கில் அங்கே கிடந்து வரும். அந்த வாரங்களில் வீட்டைக் காக்கப்போவது கதவும் விளக்கும்தான். அவற்றைச் சரிசெய்யாமல் ஒன்றரை லட்சத்துக்குத் துப்பாக்கி வாங்குவது வரிசை தவறிய செலவு.

என் தீர்ப்பு இது. வீட்டில் இருக்கப்போகிற, பழக்கம் குறைந்தவரின் கைக்கு முதலிடம் பிரபலுக்கு. அது கிடைக்காவிட்டால், விசை சோதித்துத் தேர்ந்த முழு எடை .32 ரிவால்வர் எதுவானாலும் சரி. நிர்பீக் கைப்பையில் கொண்டுபோக வேண்டியவருக்கு உரியது. வீட்டுக்கு அதை மூன்றாமிடத்தில்தான் வைப்பேன். நிடரையும் பிஸ்டலையும் இந்த நோக்கத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். விரல் குட்டையாக இருந்து, பிரபலின் விசை ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கு எட்டாமல் போனால் வரிசை மாறும். கை சொல்வதே கடைசி வார்த்தை. தினமும் பத்து நிமிடம் போலித் தோட்டாவோடு இழுத்துப் பழகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போகவும் முடியாதவர் எதையும் வாங்க வேண்டாம் என்பதும் இந்தத் தீர்ப்பின் பகுதி.

அக்காவிடம் இதைச் சொன்னபோது இரண்டே கேள்வி கேட்டார். ரேஞ்சுக்குப் போக எந்தக் கிழமை தோது என்பது ஒன்று. அதுவரை துப்பாக்கியை வாங்காமல், முன்வாசலில் விளக்கும் பின்கதவுக்கு இரும்புப் பட்டையும் போட்டுவிட்டால் போதுமா என்பது இன்னொன்று. முதலில் இரும்புப் பட்டைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறோம். பிரபலைக் கையில் எடுத்து இருபது தடவை இழுத்துப் பார்ப்பது அடுத்த மாதம்.